கித்தான் வீடு

புதுக்கோட்டை
12.1.2025

அன்புள்ள அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்குப் பனிக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. மற்றபடி பசி, தூக்கம், ஜன்னலில் நின்று பக்கத்து வீட்டுச் சண்டை கேட்பது எதிலும் குறைவில்லை. போன வாரம் நம் ஊர் சவேரியார்குளத்துக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். உன் இருமல் நின்றதா? கிறிஸ்துமஸ் வரை திருவருகைக் காலம் முழுக்க உங்கள் மடத்தில் கடிதப் போக்குவரத்து கிடையாது என்பதால் டிசம்பரில் நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமியார் பழைய பதிவேடுகளை ஒழுங்கு செய்கிறார். அதில் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு வரி அகப்பட்டதாம்: பெரிய வெள்ளிக்குக் கித்தான் ஒன்று, நாலு முழம், கப்பலில் வந்தது, ஆளி நாரில் நெய்தது, நம் முப்பாட்டன் வீட்டில் வைத்துப் பாதுகாக்க. ஊரில் மற்றவர்களுக்குக் கித்தான் என்றால் நெல்மூட்டையின் மேல் போடுகிற முரட்டுத் துணி. அது பழைய நாளில் ஆளி நார்த் துணிக்கே, இப்போது லினன் என்கிறோமே அதற்கே, பேராக இருந்தது என்று எங்கள் கல்லூரி அரபுப் பேராசிரியர் சொல்கிறார். நம்பலாம் போலிருக்கிறது.

சாமியார் அந்த வரியைக் கூட்டத்தில் வாசித்ததும் நம் பங்காளி மதலைமுத்து எழுந்துவிட்டார். "அந்தக் கித்தானா இது? வருசா வருசம் தொட்டுக் கும்பிடுறேன்ல, இது மில்லு துணி." பழைய கித்தானை வைத்திருக்கும் வீட்டுக்குத்தான் அதை ஏந்தும் உரிமை, அது இல்லையென்றால் எல்லா வீட்டுக்கும் முறை வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சவரி அண்ணன் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டார். வருடத்தில் ஒரே ஒரு நாள், சிலுவையிலிருந்து இயேசு சுரூபத்தை இறக்கும்போது, அதைச் சுற்றும் கித்தானை இரண்டு கைகளிலும் ஏந்தி ஊருக்கு முன்னால் நடப்பதுதான் அவருக்கு வாழ்வு. மற்ற நாளெல்லாம் அவர் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஒருவர். உரிமை போனால் 'கித்தான் வீடு' என்ற பெயரும் போகும்.

கடைசியில் துணியைச் சோதிக்க வேண்டும் என்று முடிவானது. யாரை வைத்து? தாவரவியல் வாத்தியார் என்பதால் என் பெயரைச் சொன்னது மதலைமுத்துவேதான். "அவ அவுங்க வீட்டுப் பிள்ளைதான், ஆனாலும் பொய் சொல்ல மாட்டா. சாமி இருக்குன்னுகூட ஒரு நாளும் மரியாதைக்குச் சொன்னது கெடையாது." சாமியாரே சிரித்துவிட்டார் என்று கேள்வி. என் அவிசுவாசம் முதல் தடவையாகப் பங்குக்குப் பயன்படுகிறது.

பெரிய வெள்ளிக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று முடிவைச் சொல்ல வேண்டும். நீ என்ன நினைக்கிறாய்?

செல்வராணி


கொடைக்கானல்
24.1.2025

அன்புத் தங்கை செல்விக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். இருமல் போய்விட்டது. இங்கே காலையில் ஜெபக்கூடத்து ஜன்னல்களில் பனி உறைந்து, பத்து மணிக்குத்தான் விடுகிறது. அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் போதும், ஊசி வேண்டாம். ராத்திரியில் தனியாகப் பின்கட்டுக்குப் போக விடாதீர்கள்.

கேரட் நன்றாக வந்திருக்கிறது. இரண்டு பாத்தி என் பொறுப்பு. முயல்கள் தின்றதுபோக மிச்சமே எங்களுக்கு.

கித்தான் விஷயம் வாசித்தேன். உனக்கு இதெல்லாம் எதற்கு? நீ ஊரில் இருப்பவள் இல்லை. இரண்டு பக்கமும் சொந்தம். மைக்ராஸ்கோப் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடு. அதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை.

மதர் உன்னை விசாரித்தார். உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். உனக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் செலவு ஒன்றும் இல்லையே.

உன் அக்கா
அடைக்கலமேரி


புதுக்கோட்டை
2.2.2025

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு வலி தேவலை. ஒத்தடம் கொடுப்பது அண்ணன். 'சூடு பத்தல, சூடு பத்தல' என்று அவரைப் படுத்தி எடுப்பது அம்மா. நான் வழக்கம்போல.

நேற்று அண்ணன் இங்கே வந்தார். ஒரு பை நிறையக் கடலையைக் கூடத்தில் வைத்துவிட்டு, போட்ட காபியைக் குடிக்காமல் ஆற விட்டுக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் மழையைப் பற்றியும் கறம்பக்குடி பஸ் நேரம் மாறியதைப் பற்றியும் பேசினார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் வாயைத் திறந்தார். "ஏத்தா, ஒன் மைக்ராஸ்கோப்பு ரிப்பேருன்னு சொல்லிரேன். அம்மா இருக்குற வரைக்கும் இந்தப் பேச்சு வேணாம்."

அக்கா, முப்பது வருடமாக மடத்துச் சுவருக்குள் இருக்கிற நீயும், வயலைத் தவிர எங்கும் போகாத அவரும், பேசி வைத்தாற்போல் ஒரே பொய்யைச் சொல்லச் சொல்கிறீர்கள். அவருக்காவது மரியாதை போய்விடும் என்ற பயம். உனக்கு என்ன? அம்மா இதில் எங்கே வருகிறார்? துணி எதுவாயிருந்தாலும் அம்மா அதை வாயில் ஒற்றி முத்தி செய்துவிட்டுத்தான் வருவார்.

நான் மறுத்தால், போலி என்று தெரிந்துதான் மறுத்தாள் என்று மதலைமுத்து சொல்வார். அதனால் ஒத்துக்கொண்டுவிட்டேன். சாமியார் முன்னிலையில் நாலு ஓரத்திலிருந்தும் விரல் நீளத்துக்கு ஒரு கீற்று வெட்டித் தந்திருக்கிறார்கள். உன்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. கொஞ்சம் காத்திருக்கிறேன்.

செல்வராணி


கொடைக்கானல்
14.2.2025

அன்புத் தங்கை செல்விக்கு,

நலம். உன் நலமும் அம்மாவின் நலமும் தம்பி சவரியின் நலமும் ஜெபத்தில் கேட்டேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, பெரிய சனிக்கிழமை காலையில் கித்தானைத் துவைப்பது? கல்யாணமாகாத மூத்த மகள்தான் துவைக்க வேண்டும் என்று நம் வீட்டு வழக்கம். சோப்பு கூடாது, கல்லில் அடிக்கக் கூடாது. கிணற்றடியில் பித்தளை அண்டாவில் ஊற வைத்து, கையால் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். முதல் தண்ணீர் பட்டதும் அது விறைத்துக்கொள்ளும், தோல் மாதிரி. பிறகு மெல்ல இளகும். நிழலில் உலர்த்தி, வசம்பு வைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தால் அன்று முழுவதும் கையில் ஒரு வாசம் இருக்கும். வைக்கோலும் மழையும் கலந்த மாதிரி. பன்னிரண்டு வயதிலிருந்து பத்து வருடம் துவைத்தேன். உன்னைத் தொட விடவில்லை என்று நீ அழுவாய்.

நீ திருச்சி ஹாஸ்டலில் பிளஸ் டூ பரீட்சை எழுதிய வருடம்தான் நான் கடைசியாகத் துவைத்தது. மறு வருடம் இங்கே வந்துவிட்டேன்.

இதற்குமேல் எழுத வேண்டும். எழுதிக் கிழித்துவிட்டேன், இரண்டு தடவை. எங்கள் கடிதங்களை மதர் வாசித்த பிறகே தபாலில் சேர்ப்பார் என்பது உனக்குத் தெரியும். அது காரணம் இல்லை. காரணம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கிறது.

நீ பொறுமையாக இரு.

அடைக்கலமேரி


புதுக்கோட்டை
25.2.2025

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சௌக்கியம். செய்முறைத் தேர்வுகள் நடக்கின்றன, அதனால் ஆய்வகத்திலேயே இருக்கிறேன்.

பத்து நாள் பொறுத்தேன். நேற்றுப் பிள்ளைகள் போன பிறகு நூலைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். ஆளி நார் என்றால் மூங்கில் மாதிரி இடைவெளி விட்டுக் கணு தெரியும். உடம்பு இளைக்க ஆளி விதை தின்கிறார்களே, அதே செடியின் தண்டுதான். நான் பார்த்ததில் கணு இல்லை. தட்டையான நாடாக்கள், தமக்குள்ளே முறுக்கிக்கொண்டு போகின்றன. பருத்தி. நாலு இடத்து நூலையும் பார்த்தேன், நாலும் பருத்தி. நெசவும் விசைத்தறி. நூற்றைம்பது வருடம் இல்லை, ஐம்பது வருடம்கூட ஆகியிருக்காது.

நீ துவைத்தபோது தண்ணீர் பட்டதும் தோல் மாதிரி விறைக்கும் என்று எழுதியிருக்கிறாய். மிச்சக் கீற்றைத் தண்ணீரில் போட்டேன். துவண்டு படுத்துவிட்டது. நீ பத்து வருடம் துவைத்த துணி இது இல்லை.

அக்கா, அதை யாராவது விற்றுவிட்டார்களா? பழைய சாமான் வாங்குகிறவர்கள் காரைக்குடியிலிருந்து நம் பக்கமெல்லாம் வருவார்கள். அப்பா கடனில் இருந்த காலமா அது? அண்ணனா? எதுவாயிருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும். மார்ச் ஐந்தாம் தேதி விபூதிப் புதன். அதற்குமேல் உயிர்ப்புப் பெருவிழா வரை உன்னிடமிருந்து ஒரு வரி வராது. அதற்கு முன் எழுது.

செல்வராணி


கொடைக்கானல்
4.3.2025

செல்விக்கு,

நலம். உன் கடிதம் இன்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. நாளை முதல் மௌனம்.

யாரும் விற்கவில்லை. தம்பியைச் சந்தேகப்படாதே. ஒரு பக்கத்தில் எழுதி முடிக்கிற சங்கதி இல்லை இது.

பொய் சொல்லச் சொன்னது என் தப்பு. கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதிக் கொடு. அம்மாவிடம் மட்டும் நீயாக ஒன்றும் கேட்காதே.

அடைக்கலமேரி


புதுக்கோட்டை
19.4.2025

அன்புள்ள அக்கா,

இது உன் கைக்கு நாளைக்குப் பிறகுதான் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். உடம்பு நலம். மனசைப் பற்றி எழுதி எனக்குப் பழக்கம் இல்லை.

குருத்து ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் நடந்தது. நான் எழுதியிருந்தது நான்கு வரி. வாசித்து முடித்துச் சாமியாரிடம் கொடுத்தேன். அண்ணன் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்து, கித்தானை எடுத்துச் சாமியார் மேசைமேல் வைத்துவிட்டு, காலிப் பெட்டியோடு திரும்பிப் போனார். மதலைமுத்து பின்னாலிருந்து கேட்டார், "அப்ப பழசு எங்கப்பா? வித்துத் தின்னுட்டீங்களா?" அண்ணன் நிற்கவில்லை. சொல்வதற்கு ஒரு வார்த்தை இருந்திருந்தால் நின்றிருப்பார் என்றுதான் அங்கே எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

இனிமேல் ஏழு வீட்டுக்கு முறை. சீட்டுக் குலுக்கியதில் முதல் வருடமே மதலைமுத்துவுக்கு விழுந்தது. திருச்சியிலிருந்து அசல் ஆளி நார்த் துணி வாங்கி வந்தார். நேற்றுப் பார்த்தேன், கோயில் நடுவே வரும்போது துணியின் ஒரு முனை நழுவித் தரையில் இழுபட்டது. முகமெல்லாம் கண்ணீர். அவர் அழுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. இருபது வருடமாக அண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தவர்.

அம்மா போய் முத்தி செய்துவிட்டு வந்தார். வழியில், "ஒங்கப்பா நல்லா நடப்பாரு" என்று மட்டும் சொன்னார். பவனி தெருவில் போனபோது அண்ணன் வயலில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார். என்னோடு பேச்சு இல்லை. ஊருக்குள் 'விற்ற வீடு' என்று ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், ஐந்து நாளில்.

நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அது ஒன்றுக்கும் உதவவில்லை.

செல்வராணி


கொடைக்கானல்
23.4.2025

அன்புத் தங்கை செல்விக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் மூவருக்கும். உடம்பு நன்றாக இருக்கிறது. இதை எழுதுமுன் மதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "முப்பது வருசம் இதையா சுமந்தே?" என்று கேட்டுவிட்டு, கடிதத்தை வாசிக்காமலே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

தொண்ணூற்று நான்கு மாசி மாதம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று உனக்கு எழுதினோம். ஆபரேஷன் இல்லை. அம்மாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கல்யாண வயதில் மகள் இருக்கும்போது மறுபடி உண்டானதற்கு வெட்கப்பட்டு, ஏழு மாதமும் வெளியே வராமல் முந்தானையால் மறைத்துக்கொண்டே இருந்தார்கள். ஏழாம் மாதத்தில் வலி வந்துவிட்டது. மருத்துவச்சி வந்தபோது அம்மாவுக்கு நினைவு இல்லை. குழந்தை அசையவில்லை. மருத்துவச்சி என் கையில் கொடுத்துவிட்டு அம்மாவைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு அப்போது கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. சுவருக்கு வெளியே, கண்மாய்ப் பக்கம்தான். விடியுமுன் கொண்டுபோய்விடு என்று அப்பா தம்பியிடம் சொன்னார். சுற்றுவதற்கு ஒரு யூரியா சாக்கை எடுத்து வைத்தார். அப்பாவைக் குறை சொல்லாதே. ஊர் வழக்கம் அது.

என்னால் சாக்கில் வைக்க முடியவில்லை. பெட்டி என் பொறுப்பில் இருந்தது. கித்தானை எடுத்தேன். சுரூபத்தைச் சுற்றுகிற மாதிரியே கால் பக்கமிருந்து சுற்றித் தம்பி கையில் கொடுத்தேன். அவனுக்கு இருபது வயது. துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். பிள்ளையை அவன் பார்க்கவில்லை, முழுக்கச் சுற்றியிருந்தது.

பெரிய வெள்ளிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கறம்பக்குடிச் சந்தையில் நாலு முழம் காடாத் துணி வாங்கி, கடுக்காய்த் தண்ணீரில் ஊற வைத்து, வெயிலில் போட்டுப் போட்டுப் பழசாக்கினேன். பெரிய வெள்ளியன்று அப்பா அதை என் கையிலிருந்து வாங்கினார். வாங்கி, ஓரத்தை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். பிறகு நடந்தார். அவர் சாகும்வரை அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறு வருடம் மடத்துக்குப் போகிறேன் என்றபோது ஏன் என்றும் கேட்கவில்லை.

ஊரையே வெறுந்துணியைக் கும்பிட வைத்தேன். அதற்காக வருத்தப்பட்டு நிறைய ஜெபித்திருக்கிறேன். பிள்ளைக்குச் சுற்றியதற்காக வருத்தப்பட முயன்றேன், வரவில்லை.

அம்மாவுக்குச் சாக்கு மட்டும் தெரியும். கண் விழித்தபோது அது மூலையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள், பிறகு காணவில்லை. தம்பி அதை எடுத்து எரித்துவிட்டான். பிள்ளை அதில்தான் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கித்தானைப் பற்றிக் கேள்வி எழுந்தால் அம்மாவுக்கு அந்த நாள் திரும்பி வரும் என்றுதான் தம்பி பயந்தான். எனக்கு அந்தக் காரணமும் இல்லை. பயம், அவ்வளவுதான்.

இனி இது உன் கையில். அம்மாவுக்கு வாசித்துக் காட்டலாமா என்று நீயும் தம்பியும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

அடைக்கலமேரி


சவேரியார்குளம்
5.5.2025

அன்புள்ள அக்கா,

நான் லீவில் இங்கேதான் இருக்கிறேன். அம்மா நலம் என்று எழுதுவது இந்தத் தடவை வழக்கத்துக்காக இல்லை.

கடிதத்தை முதலில் அண்ணனிடம் கொடுத்தேன். மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்தார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு யோசனை சொன்னேன். உனக்குத் தெரியும், எனக்கு எப்போதும் யோசனைதான் வரும். சாமியாரிடம் இதைச் சொல்லிவிடலாம். விற்ற வீடு என்கிற பேச்சு அன்றைக்கே நிற்கும். பங்கில் யாரும் கல்நெஞ்சுக்காரர் இல்லை, மதலைமுத்து உட்பட. உரிமையையே திருப்பிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

அண்ணன் கடிதத்தை மடித்தார். "ஏத்தா, அந்தப் பிள்ளைய ஊரு முன்னாடி தூக்கிட்டுப் போயி மரியாதை வாங்கச் சொல்றியா?" கடிதத்தை என்னிடம் நீட்டி, "ஒரு தடவை தூக்கிட்டுப் போனேன். போதும்" என்றார்.

நான் அவரை முப்பது வருடமாகப் பெருமைக்காரர் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கு வாசிக்கலாம் என்று சொன்னது அவர்தான். சாயங்காலம் அம்மாவை நடுவீட்டில் உட்கார வைத்து நான் வாசித்தேன். சாக்கு என்ற இடத்தில் அம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினார். பிறகு வாசிக்கச் சொன்னார். கித்தான் வந்த இடத்தில் மறுபடி நிறுத்தி, "எங்க, திரும்பச் சொல்லு" என்றார். திரும்ப வாசித்தேன். "கால் பக்கமிருந்தா சுத்துனா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப சரியாத்தான் சுத்தியிருக்கா." அழவில்லை. அண்ணன்தான் எழுந்து கொல்லைப் பக்கம் போனார்.

உரிமை போனதைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "அது போனதுனாலதானடி எனக்கு இது வந்துச்சு" என்றார்.

இது முந்தாநாள் நடந்தது. இன்று காலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்: "அடைக்கலத்துக்குக் கடுதாசி போடுறப்ப ஒண்ணு கேளு. அது ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா? அன்னைக்கி ஒங்கப்பாட்ட கேக்கப் பயம். அப்பறம் கேக்க வெக்கம். அப்படியே காலம் போயிருச்சு."

மருத்துவச்சி இல்லை. அப்பா இல்லை. அண்ணன் பார்க்கவில்லை. உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்று மத்தியானமே தபால்காரர் வருகிற நேரத்தில் அம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.

செல்வராணி


கொடைக்கானல்
14.5.2025

அன்புத் தங்கை செல்விக்கு,

உன் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். நலம் எல்லாம் பிறகு.

பெண் பிள்ளை.

தலையில் முடி நிறைய இருந்தது. வலது காது மடல் கொஞ்சம் மடிந்திருந்தது, அம்மாவுக்கு இருக்கிற மாதிரியே. கழுவித் துடைத்துத்தான் சுற்றினேன். அதற்கு முன் ஒரு கை தண்ணீர் எடுத்துத் தலையில் ஊற்றினேன். மூச்சு இருந்ததா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. செத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கூடாது, பார்த்தால் ஊற்ற முடியாது என்று பயந்து பார்க்கவில்லை. ஒரு பெயர் சொல்ல வேண்டுமே, அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவின் பெயரையே சொன்னேன். பெரியநாயகம்.

மெதுவாக வாசி, செல்வி. அம்மா திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

உன் அக்கா
அடைக்கலமேரி